அயன் சிங்கம்பட்டி, ஜமீன் சிங்கம்பட்டி: ஒரே ஒரு சொல்லை மாற்றிய கதை

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு போகிற பக்கம் இரண்டு சிங்கம்பட்டிகள் இருக்கின்றன. வெறுமனே ‘சிங்கம்பட்டி’ என்று சொன்னால், ‘ஜமீனா, அயனா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். ஜமீன் என்றால் ஜமீன்தாருக்கு வரி கட்டிய ஊர். அயன் என்றால் சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்டிய ஊர். சட்டப் புத்தகத்தில் இந்த அயனுக்கு ரயத்துவாரி என்று பெயர். மலையும் மழையும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் 1951 முதல் 1964 வரை பதின்மூன்று வருஷம், இந்திய அரசமைப்புச் சட்டம் இந்த இரண்டு வகை நிலத்தையும் வேறு வேறாகப் பார்த்தது. அந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய நாடாளுமன்றம் இறங்கிய இடத்தில்தான், அரசமைப்பை மாற்ற நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்ற பெரிய வழக்கும் சூடு பிடித்தது.

இதை எழுதக் காரணம் எங்கள் ஊர் நூலகத்தில் நவம்பர் 26, அரசமைப்பு நாளன்று நடந்த கூட்டம். அடிப்படை உரிமைகள் பற்றி அரைமணி நேரம் பேசி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணாச்சி எழுந்தார். ஜமீன் சிங்கம்பட்டிக்காரர், எழுபதைத் தாண்டிய விவசாயி.

“வக்கீல் தம்பி, பார்லிமென்டுல எல்லாரும் சேந்து கையத் தூக்கிட்டா, அரசியல் சட்டத்துல எத வேணும்னாலும் மாத்திரலாமா? மாத்தப்படாதுன்னா, அப்ப எதுக்கு நாம அவுகளுக்கு ஓட்டுப் போடுதோம்?”

இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்றது உதைக்கும். அன்றைக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. முழுப் பதிலையும் அவருடைய ஊர்ப் பெயரிலிருந்தே இங்கே தொடங்குகிறேன்.

ஜமீன் பக்கம்

சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழித்தது 1948ஆம் ஆண்டின் 26ஆவது சட்டம். அதன் முழுப்பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்: எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். அதாவது ஜமீனை அயன் ஆக்குவது. அன்றைய கணக்கில் ரயத்துவாரிதான் போய்ச் சேர வேண்டிய கரை. நடுவில் இருக்கிற ஜமீன்தார் போய்விட்டால், பட்டாதாரரும் சர்க்காரும் நேருக்கு நேர் நிற்பார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் இருந்த ஓட்டை பின்னால்தான் தெரிந்தது.

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சொத்துரிமை அப்போது அடிப்படை உரிமைகளில் ஒன்று. ஜமீன்தார்கள் பல மாகாணங்களில் நீதிமன்றம் போனார்கள். 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் பீகாரின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தையே செல்லாது என்று சொல்லிவிட்டது. பெரிய ஜமீனுக்குக் குறைந்த மடங்கு இழப்பீடு, சிறியதற்குக் கூடுதல் மடங்கு என்று வைத்தது, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற 14ஆவது பிரிவை மீறுகிறது என்பது காரணம்.

அடுத்த மூன்றே மாதத்தில் முதல் திருத்தம் வந்தது. 1951 ஜூன். நாட்டில் பொதுத்தேர்தல் ஒன்றுகூட நடந்திருக்கவில்லை. அரசமைப்பை எழுதிய சபையே தற்காலிக நாடாளுமன்றமாக உட்கார்ந்திருந்தது. எழுதிய கையே திருத்தியது என்று சொல்லலாம். அந்தத் திருத்தத்தில்தான் நம் சென்னை வகுப்புவாரி ஆணை வழக்கின் விளைவாக, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) வந்தது. அதே திருத்தத்தில் நில விஷயமாக இரண்டு புதிய பிரிவுகள் சேர்ந்தன.

31ஏ: ‘எஸ்டேட்’ ஒன்றை அரசு எடுத்துக்கொள்ளச் செய்யும் சட்டத்தை, அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி ரத்து செய்ய முடியாது.

31பி: ஒன்பதாவது அட்டவணை என்று ஒரு புதுப் பட்டியல். அதில் பெயர் ஏறிய சட்டம் எதையும் அடிப்படை உரிமையைக் காட்டி ரத்து செய்ய முடியாது. ஏற்கெனவே ஒரு நீதிமன்றம் ரத்து செய்திருந்தாலும் அது உயிர் பெறும்.

பட்டியலில் முதலில் ஏறியவை 13 சட்டங்கள். அதில் இரண்டு சென்னையுடையவை: 1948 சட்டமும், அதற்கு 1950இல் வந்த திருத்தமும். 1952இல் சிங்கம்பட்டி ஜமீன் அரசின் கைக்கு வந்தது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. அந்த ஜமீனின் மேற்கு மலைக்காட்டில் 8,373 ஏக்கர் சொச்சத்தை 1929இலேயே 99 வருஷக் குத்தகைக்கு ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதுதான் மாஞ்சோலை. ஜமீன் போனது, குத்தகை போகவில்லை. குத்தகை கொடுத்தவர் இடத்தில் அரசு வந்து நின்றது, அவ்வளவுதான். ‘ஒழிப்பு’ என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு என்பதற்கு எங்கள் மலையே சாட்சி.

முதல் திருத்தத்தை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கில், 1951 அக்டோபரில், நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜமீன் பக்கம் கதை இத்தோடு அடங்கியது.

அயன் பக்கம்

இனி அயன். ரயத்துவாரி என்றதும் உழுகிறவனே பட்டாதாரர் என்று நினைத்துவிடக் கூடாது. தாமிரபரணிக் கரையில் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், ஏர் இன்னொருவர் கையில் இருக்கும், நடவும் அறுப்பும் மூன்றாவது ஒரு குடும்பத்தின் முதுகில் இருக்கும். பட்டாதாரர் வெளியூரில் இருப்பார். களத்தில் நெல்லை அளக்கும்போது மட்டும் அவருடைய ஆள் வந்து நிற்பார். ஜமீனை ஒழித்ததில் இந்தக் குத்தகைக்காரருக்கும், விளைச்சலில் பங்குக்கு உழுகிற வாரத்துக்காரருக்கும் ஒன்றும் வந்துவிடவில்லை.

அதற்காகத்தான் சென்னை அரசு அடுத்தடுத்துச் சட்டங்கள் போட்டது. 1955இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம். காமராஜர் முதலமைச்சராக இருந்த 1961இல் நில உச்சவரம்புச் சட்டம், அந்த ஆண்டின் 58ஆவது சட்டம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ‘ஸ்டாண்டர்டு’ ஏக்கர்தான், மிச்சம் அரசுக்கு. நஞ்சைக்கு ஒரு கணக்கு, புஞ்சைக்கு ஒரு கணக்கு.

இந்தச் சட்டம்தான் அந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தது. 31ஏ காப்பாற்றுவது ‘எஸ்டேட்’ பற்றிய சட்டத்தை. எஸ்டேட் என்றால் என்ன? அந்தந்தப் பகுதியின் நிலச் சட்டம் எதை எஸ்டேட் என்கிறதோ அதுதான் என்று அரசமைப்பு சொல்லியிருந்தது. சென்னையில் அந்தச் சட்டம் 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம். அதன்படி ஜமீன் எஸ்டேட், சில இனாம் கிராமங்கள் எஸ்டேட். ரயத்துவாரி எஸ்டேட் கிடையாது. ஆக, ஜமீன் சிங்கம்பட்டிக்குப் பிடித்த குடை அயன் சிங்கம்பட்டி வரை நீளவில்லை.

முதலில் அடி விழுந்தது கேரளத்தில். காசர்கோடு, ஓசுதுர்க் தாலுகாக்கள் 1956க்கு முன் சென்னை மாநிலத்தில் இருந்தவை. அதனால் அங்கேயும் சென்னையின் ரயத்துவாரி முறைதான். 1961 டிசம்பரில் குஞ்ஞிக்கோமன் வழக்கில், கேரள நிலச் சட்டம் அந்த ரயத்துவாரி நிலங்களுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964 மார்ச்சில், கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில், நம்முடைய உச்சவரம்புச் சட்டமும் விழுந்தது. நீதிபதிகள் சொன்ன காரணங்கள் இரண்டு. சட்டம் ‘குடும்பம்’ என்று வரையறுத்தது கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள், மணமாகாத பெண்கள் என்ற ஒரு செயற்கையான கணக்கு. ஒரே மாதிரி நிலமுள்ள இரண்டு வீட்டில், ஒன்றில் பிள்ளைகள் மேஜர், மற்றதில் மைனர் என்பதற்காகவே உச்சவரம்பு மாறிப்போகும். இரண்டாவது, நிலத்தின் வருமானம் கூடக்கூட இழப்பீட்டு மடங்கு குறைந்தது. இரண்டுமே 14ஆவது பிரிவுக்கு முரண்.

நான் இந்தத் தீர்ப்பைப் பல தடவை படித்திருக்கிறேன். என் மனசு குத்தகைக்காரர் பக்கம்தான். ஆனாலும் நீதிபதிகள் தப்பு செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுதியிருந்த சொல்லை எழுதியிருந்தபடி படித்தார்கள். இல்லாத ரயத்துவாரியை எஸ்டேட்டுக்குள் அவர்களாகவே நுழைத்திருந்தால், அது அரசமைப்பை நீதிமன்றம் திருத்தியதாக ஆகியிருக்கும். சொல் போதாது என்றால் அதை மாற்றும் வேலை நாடாளுமன்றத்துடையது.

1964 ஏப்ரல் முதல் ஜூன் வரை

நாடாளுமன்றத்தில் அந்தத் திருத்த மசோதா ஏற்கெனவே இருந்தது. 1963இல் கொண்டுவந்து, கூட்டுக்குழுவுக்கு அனுப்பி, திரும்பி வந்திருந்தது. 1964 ஏப்ரல் கடைசியில் மக்களவையில் ஓட்டெடுப்பு. மசோதா தோற்றது!

எதிர்ப்பு அதிகம் என்பதால் தோற்கவில்லை. சாதாரணச் சட்டத்துக்கு, வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். அரசமைப்பைத் திருத்த 368ஆவது பிரிவு இரண்டு தடை வைத்திருக்கிறது. வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதோடு, வந்தாலும் வராவிட்டாலும், சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரித்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது தடையில் மசோதா இடறியது. ஆளும் கட்சிக்கு அவ்வளவு பெரிய பலம் இருந்தும், போதிய பேர் அன்றைக்கு சபையில் இல்லை.

அண்ணாச்சியின் ‘கையைத் தூக்கிவிட்டால்’ என்ற கேள்விக்கு முதல் பாதிப் பதில் இதில் இருக்கிறது. எத்தனை கை, எப்படித் தூக்க வேண்டும் என்பதையே அரசமைப்புதான் தீர்மானிக்கிறது. நாடாளுமன்றம் என்ற சபையே அதன் 79ஆவது பிரிவினால் உண்டானது. தன்னைப் பெற்ற புத்தகத்தைத் திருத்தும்போதும் அந்தப் புத்தகம் சொன்ன வழியில்தான் திருத்த வேண்டும்.

அரசு விடவில்லை. புதிதாக மசோதா தயாரித்து, மே மாதக் கடைசியில் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டியது. கூட்டத்தொடர் தொடங்கிய மே 27 அன்றுதான் நேரு காலமானார். மக்களவையில் எழுந்து அந்தச் செய்தியைச் சொன்னவர் நம் சி. சுப்பிரமணியம். அடுத்த வாரமே, துக்கம் ஆறாத சபையில், மசோதா நிறைவேறியது. ஜூன் 20 அன்று பதினேழாவது திருத்தம் சட்டமானது.

எதிர்த்தவர்களையும் சொல்ல வேண்டும். ராஜாஜியும் அவருடைய சுதந்திராக் கட்சியும் இதை மூர்க்கமாக எதிர்த்தார்கள். ரயத்துவாரி பட்டாவையும் எஸ்டேட் என்று சொல்லிவிட்டால், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயியின் நிலத்தையும் நாளைக்கு அரசு பிடுங்கலாமே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. இந்த அச்சத்துக்கான பதில் திருத்தத்துக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது.

திருத்தம் செய்த இரண்டு வேலைகள்

முதல் வேலை, சொல்லை மாற்றியது. 31ஏ பிரிவில் எஸ்டேட் என்பதன் பொருளில் ‘ரயத்துவாரி முறையில் உள்ள எந்த நிலமும்’ சேர்ந்தது. 1948இல் ஒரு சட்டம் எஸ்டேட்டை ரயத்துவாரி ஆக்கியது. 1964இல் அரசமைப்பு ரயத்துவாரியை எஸ்டேட் ஆக்கியது. ஜமீன் சிங்கம்பட்டியும் அயன் சிங்கம்பட்டியும் அன்றைக்குத்தான் டெல்லியின் கண்ணில் ஒன்றாயின.

அதோடு ஒரு காப்பும் சேர்த்தார்கள். உச்சவரம்புக்குள், ஒருவர் தாமே சாகுபடி செய்கிற நிலத்தையோ, அந்த நிலத்தில் நிற்கும் கட்டடத்தையோ எடுப்பதானால், சந்தை விலைக்குக் குறையாத இழப்பீடு தந்தே ஆக வேண்டும். பெரிய பட்டாவைத் தொடலாம், சின்னப் பட்டாவை விலை தராமல் தொடக் கூடாது. சொத்துரிமை 1978இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டது. இந்தக் காப்பு இன்னும் 31ஏ பிரிவில் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது வேலை, ஒன்பதாவது அட்டவணையில் ஒரே மூச்சில் 44 சட்டங்களை ஏற்றியது. 13ஆக இருந்து, 1955இல் 20ஆகி, இப்போது 64. சென்னையின் சட்டங்கள் மட்டும் ஐந்து: குத்தகைதாரர் பாதுகாப்பு, நியாயக் குத்தகை, குடியிருப்பில் இருப்போரை வெளியேற்றாமல் காப்பது, பொது அறக்கட்டளைகளின் விவசாய நில நிர்வாகம், அப்புறம் ரத்தாகிக் கிடந்த உச்சவரம்புச் சட்டம். கோயில், மடத்து நிலம் நிறைந்த எங்கள் பக்கத்தில் நாலாவது சட்டத்துக்கு எவ்வளவு எடை என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஐந்தில் மூன்றாவதை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், பெயர் தெரியாமல். எங்கள் ஆச்சி இருந்த வீடு வயல் ஓரத்தில் வரிசையாக நின்ற ஓலை வீடுகளில் ஒன்று. மண் சுவர். கதவுக்குப் பதில் பனந்தட்டி. நிலம் வேறொரு குடும்பத்துடையது, பேர் வேண்டாம். நடவுக்கு ஒரு நாள் போகாவிட்டால், ‘நாளைக்கு வீட்டைக் காலி பண்ணு’ என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவானாம். “மண்ணு அவுகளுக்கு, சுவரு நமக்கு. சுவரத் தூக்கிட்டா போக முடியும்?” என்று ஆச்சி சொல்வாள். 1961இன் சட்டம் அந்த ‘காலி பண்ணு’க்குத் தடை போட்டது. 1971இல் இன்னொரு சட்டம், குடியிருப்பின் அடிமனையையே அதில் இருந்தவர்களுக்குச் சொந்தமாக்கியது. தாலுகா ஆபீஸில் கொடுத்த காகிதத்தை ஆச்சி அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். ஈரத்தில் ஒரு மூலை கரைந்து போயிருந்தது. அவளுக்கு ஒன்பதாவது அட்டவணை என்றால் என்னவென்று தெரியாது. அந்தக் காகிதம் வந்த வழியில் அந்த அட்டவணையும் ஒரு படி.

ஆகவே ‘எதற்கு ஓட்டுப் போடுகிறோம்’ என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் 1964தான். நீதிமன்றம் சொல்லைப் பார்த்து நின்ற இடத்தில், மக்கள் அனுப்பிய சபை சொல்லை மாற்றியது. அந்த அதிகாரம் இல்லையென்றால் அரசமைப்பு எழுதிய தலைமுறையோடு உறைந்து போயிருக்கும்.

ஆனால் அதே திருத்தத்தின் இரண்டு வேலைகளையும் நான் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதல் வேலை வெளிச்சத்தில் நடந்தது. எந்தச் சொல், என்ன பொருள், யாருக்குக் காப்பு என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது. இரண்டாவது வேலை குலுக்கையில் நெல் கொட்டுவது மாதிரி. மேலே திறந்து கொட்டி மூடிவிட்டால், உள்ளே பதர் எவ்வளவு, புழு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. 44 சட்டங்களையும் ஒவ்வொன்றாக, பிரிவு பிரிவாக, அந்தச் சபை அலசியிருக்க முடியாது. உச்சவரம்புச் சட்டத்தின் ‘குடும்பம்’ பற்றி நீதிபதிகள் காட்டிய குறை உண்மையான குறை. அதைச் சட்டமன்றத்தில் திருத்தி எழுதியிருக்கலாம். குறையோடேயே குலுக்கைக்குள் போட்டார்கள்.

குலுக்கை நிரம்பிய விதம்

பழகிய கை சும்மா இருக்குமா? 1975இல், நெருக்கடி நிலையின்போது, மிசா சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. உழுகிறவனுக்கு நிலம் கொடுக்கக் கட்டிய இடத்தில், விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து அடைக்கும் சட்டம் போய் உட்கார்ந்தது. மிசாவில் சிறைக்குப் போனவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வைத்தது நாடாளுமன்றம், எடுத்ததும் நாடாளுமன்றம். இடையில் ஒரு தேர்தல். இதையும் ஓட்டின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நீதிமன்றத்தின் பக்கம் இதற்குள் பெரிய திருப்பங்கள் நடந்திருந்தன. பதினேழாவது திருத்தத்தை எதிர்த்து வந்த சஜ்ஜன் சிங் வழக்கில், 1964 அக்டோபரில், திருத்தம் செல்லும் என்றே தீர்ப்பு. ஆனால் நீதிபதி முத்கோல்கர் ஒரு கேள்வியை எழுதி வைத்தார்: அரசமைப்பின் அடிப்படையான ஓர் அம்சத்தை மாற்றுவது வெறும் திருத்தமா, இல்லை அரசமைப்பின் ஒரு பகுதியைப் புதிதாகவே எழுதுவதா? என்னைக் கேட்டால் இந்த நீண்ட வழக்கின் விதை நெல் அந்தக் கேள்விதான். அன்றைக்கு அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

1967 கோலக்நாத் வழக்கில் பதினொரு நீதிபதிகள், ஆறுக்கு ஐந்து என்று, அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் இனித் தொடவே கூடாது என்றார்கள். பழைய திருத்தங்கள் பிழைத்துக்கொண்டன, எதிர்காலத்துக்குப் பூட்டு. இது எனக்கு ஏற்பில்லை. இப்படிப் பூட்டியிருந்தால் 1964 மாதிரி ஒரு வேலையை மறுபடி செய்யவே முடியாது. நாடாளுமன்றம் 1971இல் 24ஆவது திருத்தத்தால் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அப்புறம் கேசவானந்த பாரதி வழக்கு. அவர் தலைவராக இருந்த எடநீர் மடம் காசர்கோட்டில் இருக்கிறது. 1961இல் ரயத்துவாரி வழக்கு முளைத்த அதே காசர்கோடு. மடத்து நிலத்துக்குக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் ஆபத்து என்று சுவாமிகள் போட்ட வழக்கு. பதின்மூன்று நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 1973 ஏப்ரல் 24 அன்று ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பு. நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், அடிப்படை உரிமைகளையும்தான். ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. ஒன்பது வருஷம் கழித்து முத்கோல்கரின் கேள்விக்குப் பதில் வந்தது.

கூட்டத்தில் நான் இந்த இடத்துக்கு வந்ததும் அண்ணாச்சி குறுக்கே பேசினார்.

“அப்ப குத்தகைக்காரன் மாதிரின்னு சொல்லுங்க. உழலாம், பயிர மாத்தலாம், வரப்பக் கூட ஒதுக்கி வெட்டலாம். மண்ணத் தோண்டிச் செங்கச் சூளைக்கு விக்கப்படாது. அப்டித்தான தம்பி?”

“ஏறத்தாழ அப்படித்தான் அண்ணாச்சி.”

“நிலத்துக்காரன் யாரு அப்ப? கோர்ட்டா?”

முன்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டாள்: “இல்ல தாத்தா. முதல் வரியிலேயே போட்டிருக்கே, இந்திய மக்களாகிய நாம்னு.”

அந்தக் குத்தகைச் சீட்டை நாடாளுமன்றம் பட்டாவாக மாற்றப் பார்த்ததும் நடந்தது. 1976இன் 42ஆவது திருத்தம், திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை, எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்று 368ஆவது பிரிவிலேயே எழுதிச் சேர்த்தது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்த வரிகள் விழுந்தன. அளவோடு கொடுத்த அதிகாரத்தைக் கொண்டே அந்த அளவை அழித்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

குலுக்கையைத் திறந்து பார்த்த வழக்கும் தமிழ்நாட்டிலிருந்துதான் போனது. கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1969. அதில் காட்டு நிலம் பற்றிய பகுதி செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 1974இல் நாடாளுமன்றம் முழுச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியது. இப்படி ரத்தான சட்டத்தை மறுபடி மறுபடி உயிர்ப்பிக்கலாமா என்ற கேள்வி ஒன்பது நீதிபதிகள் முன் போனது. 2007 ஜனவரி 11 அன்று, கொயலோ வழக்கில், ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: கேசவானந்த தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டத்தையும், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். பட்டியல் அதற்குள் 284 வரை வளர்ந்திருந்தது. 1964இல் ஏறிய சென்னையின் ஐந்து சட்டங்கள் அந்தத் தேதி போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம், பத்திரமாக.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பது நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று: 69 சதவீத இடஒதுக்கீடு. 50 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 1992இல் மண்டல் வழக்கில் தீர்ப்பு வந்தபின், தமிழ்நாடு 1994இல் தனிச்சட்டம் போட்டது. அதே ஆண்டு 76ஆவது திருத்தம் அதை 257ஏ என்ற எண்ணில் அட்டவணையில் ஏற்றியது. 69 சதவீதம் இருக்க வேண்டும் என்று முழுமனதாக நினைக்கிறவன் நான். அதனாலேயே, குலுக்கை மூடியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். யார் எந்தப் படிப்பில், எந்த வேலையில் எவ்வளவு இருக்கிறார்கள் என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். மூடி திறக்கிற அன்றைக்கு நீதிமன்றம் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான். 1964இல் மக்களவை முதல் வேலையைச் செய்ததுபோல, சொல்லை வெளிச்சத்தில் மாற்றும் வழியும் திறந்துதான் இருக்கிறது. 15(4) பிறந்ததே அப்படித்தானே.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஈ-சேவை மையத்தில் எடுத்த ஏ-பதிவேட்டு நகல். ஜமீன் சிங்கம்பட்டியில் அவர் தகப்பனார் காலத்து வயல். புல எண், பரப்பு, தீர்வை எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு கட்டத்தில், ‘ரயத்துவாரி’.

“ஊரு ஜமீன். காயிதத்துல அயன்,” என்றார். “இந்த வார்த்தைக்கா டெல்லியில ரெண்டு தடவ ஓட்டெடுத்தாக?”

“ஆமா அண்ணாச்சி. இதுக்குத்தான்.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.